பல்லுக்கடைச் சீனர் வீட்டு மாப்பிள்ளை

எனக்கு எழுதத் தெரிந்தது ஒரேயொரு எழுத்து. அதுவும் தமிழ் எழுத்து இல்லை, சீன எழுத்து. பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததில்லை. பெயரை எழுதச் சொன்னால் பெருவிரலைத்தான் நீட்டுவேன். ஆனால் அந்த ஒரு எழுத்தை மணலிலும் எழுதுவேன், பலகையிலும் எழுதுவேன், கண்ணை மூடிக்கொண்டும் எழுதுவேன். அது என் மாமனாரின் குடும்பப் பெயர். அதை எழுதப் பழகுவதற்கு முன்னால் அவருடைய பாஷையைப் பேசப் பழகவேண்டியிருந்தது. அதற்கும் முன்னால் எனக்குப் பல் வலிக்கவேண்டியிருந்தது.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகளின் மகள். "பெத்தப்பா, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க" என்கிறாள். மட்டக்களப்பு வாவியில் தோணி விட்டவனுக்கு நேராகப் போகத் தெரியாது. காற்றைப் பார்க்கவேண்டும், வலைக்காரர் நட்ட கம்புகளைப் பார்க்கவேண்டும், வளைந்துதான் போகவேண்டும்.

அப்போது கல்லடிப் பாலம் வந்து சில வருடம் இருக்கும். பாலம் வந்ததும் தோணிக்காரருக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் படுவான்கரைக்குப் போகத் தோணிதான் வேண்டும். சூரியன் படுகிற பக்கத்துக் கரை அது. வயலும் வயல்காரரும் அந்தப் பக்கம், கடையும் அரசாங்கக் கச்சேரியும் இந்தப் பக்கம். நடுவில் நான்.

கடைவாய்ப் பல் ஒன்று என்னைப் போட்டு வாட்டியது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், கேட்கவில்லை. கன்னம் வீங்கி, துடுப்புப் போட முடியாமல், புளியந்தீவில் இருந்த சீனரின் பல்லுக்கடைக்குப் போனேன். வாசலில் சிவப்புக் கடதாசிப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். உள்ளே ஒரு கண்ணாடிப் போத்தல் நிறைய, பிடுங்கிய பற்கள். எந்தப் பல் யாருடையது என்று சனம் அந்தப் போத்தலைப் பார்த்துப் பகிடி விடும்.

சீனருக்குத் தெரிந்த தமிழ் நாலே சொல். திற, துப்பு, கடி, மூடு. அந்த நாலையும் வைத்தே அவர் சீவியம் நடத்தினார். யார் கடைக்குள் வந்தாலும் "திற" என்பார். போகும்போது "மூடு" என்பார். தெருவில் கண்டால் வணக்கத்துக்குப் பதில் "திற". கச்சேரி உத்தியோகத்தர் குதிரை வண்டியில் போனாலும் "திற".

மிச்சத் தமிழெல்லாம் அவருடைய மகளிடம் இருந்தது. கைக்குழந்தையாக வந்தவள். தாய் இங்கேதான் இறந்துபோனா. சந்தையில் பேசிப் பழகிய தமிழ், எங்கள் ஊர்ப் பெட்டைகளின் தமிழ்.

"கைய எடுங்க" என்றாள் என்னிடம். "வாயப் பொத்திக்கொண்டு பல்லுப் புடுங்க வந்த ஆள இண்டைக்குத்தான் பாக்கன்."

"நோகும்."

"நோகாமப் புடுங்கினா ஆர் காசு தருவா?"

நான் கையை எடுத்தேன். பல் போனது. துணியைக் கடித்துக்கொண்டு எழும்பியபோது அவள் கேட்டாள்: "தோணிக்காரர்தானே? படுவான்கரைக்குப் போக ஆள் தேடுறம். வாயில்லாத தோணிக்காரர் கிடைச்சா நல்லம், சத்தம் இரிக்காது."

அப்படித்தான் கிழமைக்கொரு முறை அவர்களை அக்கரைக்கு ஏற்றிப் போகத் தொடங்கினேன். முன்னணியத்தில் சீனர், நடுவில் பல்லுப் பிடுங்கும் குறடும் பல் அடைக்கும் சாந்துப் பொடியும் வைத்த பெட்டியோடு மகள், பின்னால் நான்.

சீன பாஷையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாவும் மகளும் கரையை விட்டால் அக்கரை சேரும்வரை சண்டை பிடிப்பார்கள். சோறு அடிப்பிடித்தது ஒரு சண்டை. பல்லுப் பிடுங்க வந்தவனோடு சிரித்துப் பேசியது ஒரு சண்டை. கடதாசிப் பூவுக்குக் கம்பியைத் தவறாக வளைத்தது இன்னொன்று. என் முதுகில் வெயில், முகத்தில் காற்று, காதில் சீனச் சண்டை. ஆகவே நான் முதலில் படித்ததெல்லாம் வசவு. "கண்ணில்லையா உனக்கு?", "சொன்னால் கேட்கமாட்டாயா?", "எனக்குத் தெரியும், நீங்கள்தான் மறந்தீர்கள்." இதெல்லாம் தண்ணீர் போல வரும். "நன்றி" என்று சொல்ல எனக்கு எத்தனையோ காலம் சென்றது.

அந்தப் பாஷையில் குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவேண்டும். படித்தவர்களுக்கு அது கஷ்டம் என்கிறார்கள். எனக்கு இல்லை. அகன்ற தண்ணீரில் அக்கரைக்காரனைக் கூப்பிடும்போது சொல் போய்ச் சேராது, இராகம்தான் போய்ச் சேரும். வா என்பதற்கு ஒரு இழுப்பு, விலகு என்பதற்கு ஒரு வெட்டு. நான் சீனத்தையும் அப்படித்தான் பிடித்தேன். இராகம் முதலில், சொல் பிறகு.

ஒருநாள் கச்சான் காற்று எழும்பித் தோணி ஆடுகிறது. சீனர் பெட்டியைப் பிடிக்க எழும்பி நின்றுவிட்டார். நான் என்னை மறந்து, "இரு! கண்ணில்லையா உனக்கு?" என்று சீனத்தில் கத்தினேன். மனிதர் தொப்பென்று உட்கார்ந்தார். மகள் பெட்டிமேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். சீனர் திரும்பி ஏதோ கேட்டார்.

"எங்க படிச்ச எண்டு கேக்கார்" என்றாள். "நீங்க என்னைப்போலயே பேசுறீங்களாம். மீசை வெச்ச பொம்புளப் புள்ள பேசுற மாதிரி இரிக்காம்."

அன்றிலிருந்து அவர் போகிற வழியில் தென்பட்டதையெல்லாம் சுட்டிப் பெயர் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். கொக்கு, மழை, வலை. அவருடைய ஊரிலும் குளமும் தோணியும்தானாம். ஒரு தாமரைக் குளத்தைக் கண்டுவிட்டு, வேட்டி நனைய நான் இறங்கிக் கிழங்கு தோண்டும்வரை அவர் விடவில்லை. அதை எலும்போடு போட்டுச் சூப் வைத்தார். தாமரை என்றால் கோயிலுக்குப் பூ என்றிருந்தவன் நான். கடித்தால் சிலந்தி நூல் மாதிரி இழுபடும் கிழங்கை அன்றுதான் தின்றேன்.

அந்த வீட்டில் நான் பழகியது கொஞ்சமா? தேநீருக்குச் சீனி கேட்கக்கூடாது. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கவேண்டும். மற்றவர் கிண்ணத்தை நிரப்பிய பிறகுதான் தன் கிண்ணம். ஒருதரம் சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் நட்டுவிட்டு வெற்றிலை எடுக்கத் திரும்பினேன். சீனர் பாய்ந்து பிடுங்கி எறிந்தார். அப்படி நடுவது செத்தவர்களுக்கு வைக்கும் சோற்றிலாம்.

அவர்களுடைய வருடப்பிறப்பில் மேசையில் இரண்டு கிண்ணம் கூட இருக்கும். ஒன்று அவருடைய செத்துப்போன அப்பாவுக்கு, ஒன்று அப்பாவின் அப்பாவுக்கு. அந்தக் கிண்ணங்களுக்கு முன்னால் ஆளில்லாமல் கிடக்கும் கதிரைகளோடு அவர் நெடுநேரம் பேசுவார். என்ன சொல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் இருக்கும்வரைக்கும் வாருங்க எண்டு சொல்றன்" என்றார் சீனத்தில். "எனக்குப் பிறகு எங்க போய்ச் சாப்பிடுவாங்களோ தெரியாது. எனக்கு ஆம்பிளப் புள்ள இல்ல."

மகள் கலியாணம் முடித்தால் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள், அந்த வீட்டுக் கிண்ணத்தைத்தான் வைப்பாள். அவர்கள் முறை அது. அவர் அதைச் சொன்னபோது அவள் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

அவளைக் கலியாணம் முடிக்கவேண்டும் என்ற நினைப்பு எனக்கு எப்போது வந்தது? தெரியவில்லை. ஒருநாள் சீனர் கரையில் இறங்கி முன்னே நடந்தபின், பெட்டியைத் தூக்கிக்கொடுக்கும்போது அவளிடம் கேட்டேன்.

"என்னட்டக் கேட்டா? அப்பாட்டக் கேளுங்க" என்றாள்.

"நீதானே அவருக்குச் சொல்லித் தாற."

"மத்தவங்கட பல்லுக்குச் சொல்லிக் குடுப்பன். என்ட கலியாணத்துக்கு நானே தரகு பாக்கிறதா? வேணுமெண்டா அவர்ட பாஷையில நீங்களே கேளுங்க." இரண்டடி போய்த் திரும்பினாள். "வசவில்லாமக் கேளுங்க."

ஆனால் நான் கேட்கப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வெற்றிலையோடு வந்து மாப்பிள்ளை கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவேண்டும். அம்மாவுக்கு முதலில் மனமில்லை. "உலகத்தில வேற பெட்டை இல்லையா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பார்த்து இளகி, "வந்து கேக்கட்டும், பாப்பம்" என்றாள். முற்றத்தைப் பெருக்கிவைத்துக் காத்திருந்தோம். ஒரு மாரி போனது, ஒரு கோடை போனது.

அந்தப் பக்கம் சீனர் காத்திருந்தார். அவர்கள் ஊரில் ஆண் வீட்டார்தான் தரகர் பிடித்துப் பெண் கேட்டு வரவேண்டும். இந்தத் தோணிக்காரனின் வீட்டுக்கு இவ்வளவு பெருமையா என்று அவர் நினைத்தார். இந்தச் சீனருக்கு இவ்வளவு பெருமையா என்று அம்மா நினைத்தாள். கிழமைக்கொரு முறை இரண்டு பெருமையையும் ஒரே தோணியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவன் நான்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு சீனப் பட்டு வியாபாரி வந்தான். சைக்கிளில் மூட்டை கட்டி வீடு வீடாக விற்கிறவன். அவனுக்குக் கொழும்பில் வீடும் இருந்தது, பெண் கேட்கத் தரகரும் இருந்தார். வருடப்பிறப்புக் கழியப் பதில் சொல்வதாகச் சீனர் சொல்லிவிட்டார். இதை அவள் எனக்குத் தோணியில் வைத்துச் சொன்னாள், சிரிக்காமல்.

அம்மா வாசலில் மறித்தாள். "மாப்பிள்ள தானே போய்க் கேக்கிறதா? ஊர் சிரிக்கும்டா மனே."

"சிரிக்கட்டும். பல்லுத் தெரிஞ்சா மாமாக்கு வேலை கிடைக்கும்."

"மாமா எண்டும் சொல்லத் தொடங்கிட்டான்!" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

போனேன். வசவில்லாத சீனத்தை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். சீனர் தேநீர் ஊற்றினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கேட்டேன். உங்கள் மகளை எனக்குத் தாருங்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைக் கண்ணால் கண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் முறைப்படி எது பெண்ணின் தகப்பனுக்குத் தைரியம் கொடுக்குமோ அதையும் சேர்த்துச் சொன்னேன்: "நான் உங்கட வீட்டுக்கு வந்து இரிப்பன். உங்கட வீட்டுச் சோத்தத்தான் தின்பன்."

சீனரின் முகம் கறுத்தது. கிண்ணத்தை வைத்தார்.

"உன்ட வீட்டுக்குக் கூரை இல்லையா?"

"இரிக்கி. அது அக்காட வீடு."

"உன்னப் பெத்தவங்க உன்ன விக்கிறாங்களா?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். "மூடு" என்றுகூடச் சொல்லவில்லை.

கடை வாசலில், கடதாசிப் பூவுக்குப் பக்கத்தில் நின்று அவள் விளங்கப்படுத்தினாள். அவர்கள் ஊரில் மனைவி வீட்டுக்குக் குடிபோகிறவன், வேறு வழியில்லாதவனாம். வறுமையில் பெற்றவர்கள் தள்ளிவிட்டவனாம். பிள்ளைக்குத் தன் பெயரைக்கூடக் கொடுக்கமாட்டானாம். ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்குமாம். "அப்பிடி ஒருத்தனுக்கா என்ட மகளக் குடுக்கிற எண்டு கேக்கார்" என்றாள்.

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே! வீடு பொம்புளக்குத்தானே!"

"எனக்குத் தெரியும். அவர் இத்தனை வருஷமா இந்த ஊரில வாய்க்குள்ள மட்டும்தான் பாத்திரிக்கார்."

அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது.

கோபம் வேறு, தோணி வேறு. அடுத்த கிழமை சீனர் பேசாமல் வந்து ஏறினார். அன்று படுவான்கரையில் ஒரு போடியார் வீட்டுக்குப் போனோம். போடியார் என்றால் வயலுக்கும் மாட்டுக்கும் கணக்கில்லாத பெரிய மனிதர். முற்றத்தில் கதிரை போட்டு வாயைத் திறந்துகொண்டு இருந்தார். சீனர் பெட்டியைத் திறந்து பல்லுக் குறட்டைக் கையில் எடுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் சாந்து குழைத்தபடி, "நான் வாய் திறக்க மாட்டன், உங்கட கதைய நீங்களே பேசுங்க" என்றாள்.

"போடியார், இது ஆருட வீடு?" என்று கேட்டேன்.

"ஆ?" என்றார் போடியார். சீனர் அவர் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"பொஞ்சாதிட வீடு. பின்ன ஆருட வீடு? கலியாணம் முடிச்சு வந்து இரிக்கன். என்னடா கேள்வி, பல்லு நோகிற நேரத்தில?"

சீனத்தில் சொன்னேன். சீனர் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், பட்டியில் நின்ற மாடுகளைப் பார்த்தார்.

"இவர்ட அப்பன் ஏழையா எண்டு கேள்" என்றார்.

"என்ட அப்பனா?" என்றார் போடியார். "அந்தா தெரியுது பார், அந்த வட்டை முழுக்க அவர்ட வயல்."

சீனர் யோசித்தார். "இவருக்குப் பொம்புள கிடைக்காமலா இந்த வீட்டுக்கு வந்தவர் எண்டு கேள்."

இதை நான் எப்படிக் கேட்பேன்? அவர் குறட்டால் என் விலாவில் இடித்தார். கேட்டேன். போடியார் துப்பிவிட்டுச் சிரித்தார். "எனக்கா? எத்தின வீட்டார் வெத்திலத் தட்டோட இந்த மூஞ்சிக்கு முன்னால வந்து நிண்டவங்க தெரியுமா சீனரே!"

"அதில ஏமாந்தது நான்தான்!" என்று உள்ளேயிருந்து போடியாரின் மனைவி குரல் கொடுத்தா.

அதையும் சொன்னேன். சீனர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று போன வீடெல்லாம், பல் பிடுங்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்கவைத்தார். மீன்காரன் வீடு, தட்டார் வீடு, வாத்தியார் வீடு. எல்லா இடமும் ஒரே பதில். வாயைத் திறந்தபடியே மனைவி இருந்த பக்கம் கையைக் காட்டினார்கள்.

திரும்பி வரும்போது வாவி அசையாமல் கிடந்தது. பாதி வழியில் சீனர் முன்னணியத்திலிருந்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"புள்ள பிறந்தா அது ஆருட புள்ள?"

"தாய்ட குடி, தாய்ட வம்சம். கோயில்ல பங்கு குடுக்கிற நேரமும் தாய்ட குடியச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"உன்ட பேர் இல்லையா?"

"நான் என்ட அம்மாட குடி. என்ட அக்காட புள்ளைகள்தான் என்ட குடி. என்ட புள்ளைகள் பொஞ்சாதிட குடி."

"அதால நீ வெக்கப்பட மாட்டியா?"

"வெக்கமா? அப்பிடித்தானே எல்லாரும்."

அவர் மகளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். மறுபடி என்னைக் கேட்டார், வேறு சொல்லில், மெதுவாக, பிழையாக விளங்கிவிடக்கூடாது என்பதுபோல. அவள் பெற்றால் அது எங்கள் வீட்டுப் பிள்ளையா? எங்கள் பெயரா? ஓம், ஓம் என்றேன். அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, அது கோடு கிழித்துக்கொண்டு வருவதைக் கரை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கிண்ணங்களைத்தான் நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

இறங்கினார். வழக்கமாகப் போகும்போது சொல்வது "மூடு". அன்று என் தோளில் ஈரக் கையை வைத்து, "திற" என்றார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. "வெத்திலை எந்தக் கடையில நல்லம் எண்டு கேக்கார்" என்றாள்.

வெற்றிலைத் தட்டும் ஒரு கட்டுத் தாமரைக் கிழங்குமாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பேச நான் தமிழில் சொல்ல, என்னை நானே மாப்பிள்ளையாகக் கேட்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "குடி?" என்றாள். அவர் தன் குடும்பப் பெயரைச் சொன்னார். அம்மா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள் வரவில்லை.

"சரி, சீனன் குடி" என்றாள். "எங்கட குடி இல்ல, அது போதும். ஒரே குடிக்குள்ள எடுக்கக்கூடாது."

பட்டு வியாபாரி நல்லவன். கலியாணத்துக்கு ஒரு துண்டுத் துணி அனுப்பியிருந்தான். கலியாண நாளில் நாங்கள் இருவரும் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்தோம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கசாயம் நல்லாத்தான் இரிக்கி, ஆருக்குக் காய்ச்சல்?" என்றாள். அதைச் சீனத்தில் சொல்லவேண்டாம் என்று என் மனைவி காலைக் கிள்ளினாள்.

பல்லுக்கடையின் பின்னறைக்குப் போனேன். அங்கிருந்துதான் இன்றும் பேசுகிறேன். அதற்குப் பிறகுதான் சீனம் படித்தேன் என்று சொல்லவேண்டும். யப்பான் சண்டைக் காலத்தில் தெருவில் சிலர் மாமாவை யப்பான்காரன் என்று கல் எடுத்தபோது, அவர் முன்னால் நின்று நான் கத்தியது சீனமா தமிழா என்று எனக்கே தெரியாது. அது வேறு கதை. எழுதுகிறவள் முறைக்கிறாள்.

முதல் பிள்ளை பிறந்த காலை. மருத்துவிச்சி வெளியே வந்து, "பொம்புளப் புள்ள" என்றா. அந்தளவு தமிழ் அதற்குள் மாமாவுக்குத் தெரியும். முகம் விழுந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. என் அம்மாவோ சிரித்துக்கொண்டு, "நல்லது! குடிக்கு ஆள் வந்திட்டுது, சீனன் குடி இனி விளங்கும்" என்றாள்.

நான் அதைச் சீனத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆண் பிள்ளையென்றால் அது கலியாணம் முடித்துப் போகிற வீட்டில் பிறக்கிற பிள்ளைகள் வேறு குடி, பெண் பிள்ளையென்றால்தான் அவளுக்குப் பிறகு அவளுடைய பிள்ளைகளும் உங்கள் குடி என்றேன். "இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். "கோயில்லயும் அப்பிடித்தானா?" என்றார். அப்பிடித்தான் என்றேன்.

கடதாசிப் பூவுக்குப் பூசும் சிவப்புச் சாயத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். நேரே என் தோணிக்குப் போய், முன்னணியத்துப் பலகையைத் துடைத்து, தன் குடும்பப் பெயரை எழுதினார். பிறகு தூரிகையை என் கையில் வைத்து, என் கையைத் தன் கையால் பிடித்து, அதன்மேலேயே மறுபடி எழுதவைத்தார். சாயம் மழைக்குக் கழுவிப்போகும். கழுவக் கழுவ எழுதினேன். எனக்கு எழுத்து வந்தது அப்படித்தான்.

இப்போது வருடப்பிறப்புக்குக் கிண்ணம் மூன்று. அவற்றை வைக்கிறவள் இதை எழுதுகிறவள். அவளுக்குச் சீனம் கொஞ்சம்தான். ஆகவே கதிரைகளோடு பேசுவது என் வேலை. மாமா, மழை நல்லாப் பெய்தது, மீன் பரவாயில்லை, சாப்பிடுங்க என்பேன். நான் பேசுவது இன்னும் அப்பாவோடு சண்டை பிடிக்கிற பெண்பிள்ளையின் சீனம்தானாம். "சாப்பிடுங்க எண்டு அப்பிடியா சொல்ற? அதட்டுற மாதிரி இரிக்கி, குரல இறக்குங்க" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து திருத்துகிறாள். இறக்கி இன்னொருக்காச் சொல்கிறேன்.